உக்காருங்கம்மா

அன்பு மகளுக்கு,

அவசர சிகிச்சைப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்திருப்பதாக எழுதியிருக்கிறாய். சந்தோஷம். சீருடையை நீயே துவைத்து இஸ்திரி போட்டுக்கொள், பிறரை நம்பாதே.

அன்று ஆஸ்பத்திரியில் உன் அப்பாவைத் தள்ளுவண்டியில் ஏற்றியதுமே அங்கிருந்த நர்ஸ், "இந்தாம்மா, வழிய மறிச்சுக்கிட்டு நிக்காத, வெளிய போ" என்றாள். உன் வயதுதான் இருக்கும். "பெரியவங்ககிட்ட 'போங்க'ன்னு சொல்லணும்" என்றேன். அப்பா ஆக்ஸிஜன் மாஸ்க்கை விலக்கிவிட்டு, "இங்கயும் கான்வென்ட் நடத்தாதடி, ஊசிய எனக்குத்தான் போடப்போறா" என்றார்.

வெளியே நின்றுகொண்டே இருந்தேன். எட்டிப் பார்த்துக் கேட்டபோதெல்லாம், "சொல்லுவோம், போம்மா" என்ற பதில்தான் வந்தது. கடைசியில் அதே பெண் கதவைத் திறந்துகொண்டு வந்தாள். என் கையைப் பிடித்து, "உக்காருங்கம்மா" என்றாள்.

அந்த மரியாதை எதற்கு என்று எனக்கு உடனே புரிந்துவிட்டது. நான் உட்காரவில்லை. "முன்ன மாதிரியே 'போ'ன்னு சொல்லும்மா" என்று அவளிடம் கெஞ்சினேன். நான் யாரிடமும் கெஞ்சி நீ பார்த்ததில்லை.

உன் வாசலில் வந்து நிற்பவர்களை, வந்தவுடனேயே உட்காரச் சொல்.

இப்படிக்கு,
அம்மா