பீன்ஸ் வேகும் வரை

மார்ச் 3, செவ்வாய்

இன்று பஸ் ஸ்டாண்ட் கவுன்டரில் குடைகளாகவே வந்து சேர்ந்தன. மழை நின்றதும் ஜனங்களுக்குக் குடை மறந்துவிடுகிறது. ஒரு அம்மா வாயைப் பொத்திக்கொண்டே வந்து, பஸ்ஸில் பல்செட்டை விட்டுவிட்டதாகச் சொன்னார். தொலைந்த பொருள்கள் அலமாரியில் தேடி எடுத்துக் கொடுத்தேன். கழுவக்கூட இல்லை, அங்கேயே மாட்டிக்கொண்டு ஒரு சிரிப்பு சிரித்தார்.

வீட்டுக்கு வந்தால் அவர் சிவப்பு பீன்ஸ் ஊறப் போட்டுக்கொண்டிருந்தார். விடிகாலை ஷிப்ட் பஸ் ஓட்டிவிட்டு மத்தியானமே வந்துவிடுகிறவர் என்பதால், கல்யாணமான நாளிலிருந்து எங்கள் வீட்டு அடுப்பு அவர் கையில்தான். நான் வெந்நீர் வைத்தாலும் அடிப்பிடிக்கும் என்று டெப்போ முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறார். "நாளைக்குச் சீக்கிரம் வா, சூடா சாப்பிடலாம்" என்றார்.

மார்ச் 4, புதன்

குக்கர் வெடிச்சிடுச்சு. அவர் கண்ணுல. ரெண்டு கண்ணுலயும். வேற எதுவும் எழுத வரலை.

மார்ச் 5, வியாழன்

ஆஸ்பத்திரி வராந்தா. அவர் தூங்குகிறார், அல்லது தூங்குவதுபோல் படுத்திருக்கிறார். கட்டுக்கு மேல் கட்டு, எப்படித் தெரியும்?

பக்கத்து வீட்டு டீச்சர் சொன்னதையும் அவர் சொன்னதையும் சேர்த்துப் பார்த்தால் நடந்தது இது. விசில் வரவே இல்லை. ஆவி போகிற துளையில் பீன்ஸ் தோல் போய் அடைத்திருக்கிறது. விசில் வராததால் உள்ளே ஆவியே இல்லை என்று நினைத்து, அடுப்பை அணைத்துவிட்டு மூடியைத் திருப்பியிருக்கிறார். கைப்பிடி கொஞ்சம் நகர்ந்ததுதான் தாமதம் — மூடி புருவத்தில் அடித்துவிட்டு மேலே கூரையில் மோதியிருக்கிறது. கொதிக்கிற தண்ணீரும் பீன்ஸும் முகத்தில். நல்லவேளை, கதவு தாழ் போடவில்லை. டீச்சர் ஓடிவந்து, அவர் தலையைக் குழாய்க்கடியில் பிடித்துக்கொண்டே ஆம்புலன்ஸுக்குப் போன் செய்திருக்கிறார்.

கண் டாக்டருக்கு என் மகளைவிடக் கொஞ்சம்தான் வயது கூட இருக்கும். "வலது கண்ல வீக்கம்தான், வத்திடும். இடது கண்ல கருவிழி வெந்திருக்கு. தழும்பு எந்த இடத்துல விழுதுன்னு பார்க்கணும். இப்பவே எதுவும் சொல்ல முடியாதும்மா."

வெந்திருக்கு. வேறு வார்த்தையே கிடைக்கவில்லையா அந்தப் பெண்ணுக்கு?

மார்ச் 7, சனி

வீட்டுக்கு வந்தாயிற்று. மத்தியானம் டெப்போ மேனேஜர் பழக்கூடையோடு வந்தார். நாற்காலி நுனியில் உட்கார்ந்து, கூடையை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தார். "கண் டெஸ்ட் பாஸ் பண்ணாம வண்டி குடுக்க முடியாதுங்க, ரூல் அப்படி. ஆபீஸ்ல ஏதாச்சும் வேலை போட்டுத் தரேன்…"

இவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

வெளியூரில் படிக்கிற மகளிடம் இன்னும் சொல்லவில்லை. பரீட்சை முடியட்டும்.

மார்ச் 8, ஞாயிறு

காலையில் டீச்சர் வீட்டுக் குக்கர் விசிலடித்தது. சுவர் தாண்டி வருகிற சத்தம், இத்தனை வருஷமாக எங்கள் காதில் விழுந்ததாகவே நினைவில்லை. இவர் கட்டிலிலிருந்து அப்படியே எழுந்து, கண் தெரியாமல் கதவில் மோதி, என் பெயரைச் சொல்லிக் கத்தினார். "வெளியே போ, வெளியே போ!" பிடித்து உட்கார வைத்தேன். முதுகு ஈரமாக இருந்தது.

டீச்சரிடம் போய்ச் சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்துக் கடைசியில் போனேன். "அடடா, எனக்குத் தோணலையே!" என்று தலையில் அடித்துக்கொண்டார். இனி விசில் வருவதற்குள் அணைத்துவிடுகிறாராம்.

மார்ச் 10, செவ்வாய்

டீச்சர் வீட்டுக்காரர் மாடிப்படியில் என்னைப் பார்த்து, "உங்க புண்ணியத்துல எங்க வீட்டுல எல்லாமே முக்கால்வேக்காடுதான்" என்றார். கோபமில்லை, சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நல்ல மனுஷர்கள்.

இவர்தான் பேசுவதில்லை. ரொட்டியும் முட்டையுமாக எவ்வளவு நாள் ஓட்டுவது? தட்டில் வைத்ததை அப்படியே திருப்பித் தருகிறார். அலமாரியில் மிச்ச பீன்ஸ் பாக்கெட் இருந்தது. அதைத் தூக்கிப் போடத்தான் எடுத்தேன். அப்புறம் எனக்கே ஒரு வீம்பு வந்துவிட்டது. இந்த மனுஷனுக்கு உலகத்தில் பிடித்த சாப்பாடு இது ஒன்று. அதையும் போக விடுவதா? குக்கர்தானே வெடித்தது, பீன்ஸ் என்ன செய்தது?

திறந்த பாத்திரத்தில் வைத்தேன். வெங்காயம், தக்காளி, உப்பு எல்லாம் ஒன்றாகப் போட்டு, தண்ணீர் ஊற்றி, அடுப்பைப் பற்றவைத்து, தள்ளி நின்றுகொண்டேன். கொதித்தது. கொதித்துக்கொண்டே இருந்தது. மத்தியானம் போய்ச் சாயங்காலம் வந்தது. எடுத்துக் கடித்தால் கூழாங்கல்.

அவருக்கு ஒரு ஸ்பூன் கொடுத்தேன். மென்றார். நிறுத்தினார். கையில் துப்பினார்.

"தக்காளியை முன்னாடியே போட்டியா?"

"ஆமா."

"உப்பும்?"

"ஆமா."

"ஊறப் போட்டியா?"

ஊறப் போடணும் என்பதே எனக்கு நினைவு வரவில்லை. போன செவ்வாய்க்கிழமை கண்ணெதிரே பார்த்தேனே!

"அடக் கடவுளே" என்றார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபிறகு அவர் பேசிய முதல் நீளமான பேச்சு இதுதான். பாத்திரத்தைக் கழுவும்போது அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது.

மார்ச் 13, வெள்ளி

நாத்தனார் வந்தார். கையில் பெரிய அட்டைப்பெட்டி. புதுக் குக்கர்.

"தம்பி, இது வெடிக்கவே வெடிக்காதாம்டா. கடைக்காரன் அடிச்சுச் சொல்றான்."

இவருக்கு வலது கண் கொஞ்சம் திறந்திருக்கிறது. பெட்டிமேல் இருந்த படத்தைப் பார்த்தார். உதடு வெளுத்துப் போயிற்று. "எடுத்துட்டுப் போக்கா" என்றார், சத்தமே இல்லாமல்.

எனக்கு நாத்தனார்மேல் வந்த எரிச்சலுக்கு அளவில்லை. பின்னாலேயே சமையலறைக்குப் போனேன், நாலு வார்த்தை கேட்டுவிடலாமென்று. அங்கே நாத்தனார் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அன்றைக்குத் தெறித்த பீன்ஸ் அங்கேயே காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது. அதைத் துடைக்க எனக்கு மனசு வரவில்லை, அண்ணாந்து பார்க்கவே இல்லை.

"எனக்கு என்ன வாங்கிட்டு வரதுன்னே தெரியலைம்மா" என்றார். "கடை கடையா ஏறி இறங்கினேன். அவனுக்கு ஏதாச்சும் செய்யணும்னு இருந்துச்சு."

"பரவால்ல அண்ணி."

புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஸ்டூல்மேல் ஏறினார். இந்த வயசில், அந்த முழங்காலை வைத்துக்கொண்டு. நான் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டேன். கூரை முழுக்கச் சுரண்டி, சோப்புப் போட்டுத் துடைத்துவிட்டுத்தான் இறங்கினார். போகும்போது பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு போனார்.

மார்ச் 14, சனி

இடது கண் கட்டைப் பிரித்தார்கள்.

"என்ன தெரியுது?" என்றார் டாக்டர்.

"பால் ஊத்தின மாதிரி இருக்கு. நீங்க நிக்கறது தெரியுது. முகம் தெரியலை."

மருந்து போட்டுப் போட்டுப் பார்க்கலாம், அடுத்த வெள்ளிக்கிழமை வாருங்கள் என்றார். பஸ்ஸில் திரும்பி வந்தோம். ஓட்டினவர் இவருக்குத் தெரிந்தவர்தான், கையைத் தூக்கினார். இவருக்குத் தெரியவில்லை. நான் பதிலுக்குக் கையைத் தூக்கினேன். இறங்கினதும் இவர் கேட்டார்: "ஸ்டியரிங் இல்லைன்னா நான் யாரு?"

"முதல்ல ரோட்டைக் கடங்க" என்றேன்.

வந்ததும் பீன்ஸை ஊறப் போட்டேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

மார்ச் 15, ஞாயிறு

ஊறின பீன்ஸ் பெருத்துப் பளபளவென்று இருந்தது. சமையலறை வாசலுக்கு வெளியே அவருக்கு நாற்காலி போட்டேன். உள்ளே வரமாட்டேன் என்பதைச் சொல்லாமலே சொன்னார், வாசற்படியிலிருந்து காலைக்கூடப் பின்னால் இழுத்து வைத்துக்கொண்டார்.

"ஊறின தண்ணியைக் கொட்டிட்டு வேற ஊத்து. முதல்ல பெரிய தீ. நல்லா தளதளன்னு கொதிக்கட்டும். அரைவேக்காட்டுல இறக்கினா இந்த பீன்ஸ் வயித்தைப் பாடாப்படுத்திடும்."

கொதித்தது. நுரை பொங்கி வந்தது, எடுத்துப் போட்டேன்.

"இப்பக் குறை. இன்னும். இன்னும் குறை."

"குறைச்சாச்சுங்க."

"இல்லை, சத்தம் கேக்குதே. முணுமுணுன்னு இருக்கணும், உன்னை மாதிரி."

திரும்பிப் பார்த்தேன். முகத்தில் ஒன்றுமில்லை. ஆனால் ஜோக் அடித்தார்! என்னைக் கிண்டல் பண்ணினார்!

கொஞ்ச நேரம் கழித்து, "தண்ணி வத்திடுச்சு, ஊத்து" என்றார். எட்டிப் பார்த்தேன், உண்மைதான். பச்சைத் தண்ணீர் எடுக்கப் போனவளை, "வெந்நீர், வெந்நீர்!" என்று தடுத்தார். பச்சைத் தண்ணீர் விட்டால் பீன்ஸ் கோபித்துக்கொள்ளுமாம்.

நான் வெங்காயம் நறுக்கினேன், நகத்தையும் சேர்த்து. அவர் தூங்கி விழுந்தார். டீச்சர் வந்து எட்டிப் பார்த்து, "இன்னுமா?" என்று கேட்டுவிட்டுப் போனார். வீடு முழுக்க அந்த மண்வாசனை கலந்த ஆவி.

ஒன்றை எடுத்து நசுக்கிப் பார்த்தேன். "வெந்துடுச்சுன்னு நினைக்கறேன்."

"நினைக்காத. விரல்ல வெச்சு அமுக்கு. நடுவுல பொடி மாதிரி இருக்கா, வெண்ணெய் மாதிரி இருக்கா?"

"ரெண்டுக்கும் நடுவுல."

"ரெண்டுக்கும் நடுவுலன்னா என்ன? குடு இங்க."

எழுந்தார். சுவரைத் தடவிக்கொண்டு வந்து, என் பக்கத்தில் நின்று, கரண்டியிலிருந்து ஒரு பீன்ஸை எடுத்து ஊதி, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து அமுக்கினார். அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. பாத்திரம் கொதித்துக்கொண்டிருந்தது. அவர் அதன்முன்னால் நின்றுகொண்டிருந்தார்.

கரண்டியை நான் அப்படியே நீட்டிப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"இன்னும் கொஞ்சம்" என்றார். போய் உட்காரவில்லை. அங்கேயே நின்றார். கடைசியில் தக்காளியும் உப்பும் அவர் கையாலேயே போட்டார். ரெண்டு தட்டு சாப்பிட்டார்.

மார்ச் 17, செவ்வாய்

மகளுக்கு யார் சொன்னார்களோ, நாத்தனாராகத்தான் இருக்கும். போனில் என்னை வறுத்தெடுத்துவிட்டாள். "நான் என்ன மூணாம் மனுஷியா?" அழுதாள். நானும். அவர் போனைப் பிடுங்கி, "உங்கம்மா பீன்ஸ் வேக வெச்சாடி" என்றார். "நிஜமாவா?" என்றாள்.

மார்ச் 20, வெள்ளி

எழுத்துப் பலகை. வலது கண்ணை மூடிக்கொண்டு இடது கண்ணால் வாசித்தார். முதல் வரி. இரண்டாவது. அதற்கடுத்தது. எழுத்து சின்னதாகச் சின்னதாக நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டேன். அவர் குரல் நிற்கவில்லை. கடைசிக்கு முந்தின வரியில்தான் நின்றது.

டாக்டர் விளக்கை அடித்துப் பார்த்தார், மறுபடி பார்த்தார். "தழும்பு ஓரத்துல விழுந்திருக்கு. பார்வைக்குக் குறுக்கே இல்லை. வண்டி ஓட்டலாம்."

அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ உளறினேன். வராந்தாவுக்கு வந்ததும் கண்ணீரில் எனக்கு வழி தெரியவில்லை. அவர்தான் என்னைப் பிடித்து நடத்திக்கொண்டு வந்தார். வருகிறவர் போகிறவர் எல்லாம் எனக்குத்தான் கண்ணில் ஏதோ என்று நினைத்திருப்பார்கள், அப்படி அழுதிருக்கிறேன்.

ஏப்ரல் 2, வியாழன்

இன்று டெப்போவில் கண் டெஸ்ட். நான் போகக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். கவுன்டரில் உட்கார்ந்து ஒரே சூட்கேஸுக்கு ரெண்டு தடவை சீட்டு எழுதினேன்.

பத்தரை மணிக்கு யாரோ கண்ணாடியைத் தட்டினார்கள். இவர்.

"ஒரு பொருள் தொலைஞ்சு போச்சுங்க. இடது கண்ணு. யாராச்சும் கொண்டு வந்து குடுத்தாங்களா?"

பின்னால் வரிசையில் நிற்கிறவர்கள் பார்க்கிறார்கள், எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "அடையாளம் சொல்லுங்க" என்றேன்.

"பாஸ்" என்றார்.

ஏப்ரல் 11, சனி

அவர் வேலைக்குப் போக ஆரம்பித்து ஒரு வாரம் ஆகிறது. அதே ரூட், அதே விடிகாலை ஷிப்ட். புருவத்தில் மட்டும் முடி முளைக்காமல் ஒரு கோடு.

குக்கர் வாங்கவில்லை. வாங்கலாமா என்று அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. சாயங்காலம் வந்தால், அடுப்பில் பெரிய பாத்திரம், ஜன்னல் எல்லாம் ஆவி. உள்ளே போய் மூடியைத் தூக்கிப் பார்த்தேன். கரண்டியால் கையில் ஒரு தட்டு.

"இதெல்லாம் என் டிபார்ட்மென்ட். நீ போய்க் காலை நீட்டி உக்காரு."

உட்கார்ந்திருக்கிறேன். பசி வயிற்றைக் கிள்ளுகிறது. உள்ளே ஏதோ பாட்டு, பாதி வார்த்தை, பாதி சீட்டி. வெந்துவிட்டதா என்று ஒருமுறை குரல் கொடுத்தேன், "அவசரப்பட்டா வேற வீடு பாத்துக்க" என்று பதில் வந்தது.

இதோ கூப்பிடுகிறார். "எழுதினது போதும், தட்டை எடுத்து வை!"