அவசரமாகப் பிடித்த காற்று

அண்ணா,

உங்களைக் கொன்றது நம் ஓனர். அவசரப்படுத்தியது நான்.

இன்று காலை நம் டயர் கடை திறந்ததும் காற்று பிடிக்கும் கம்ப்ரசரை ஓடவிட்டார்கள். மந்தைவெளி பஸ் ஹாரனுக்கே அசராத நான், பில் கவுண்டரில் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அன்றைக்கும் இதே சத்தம். தண்ணீர் லாரி டிரைவர் கவுண்டரைத் தட்டிக்கொண்டே நின்றார். அடையாறில் ஏதோ அபார்ட்மென்டில் சொட்டுத் தண்ணீர் இல்லையாம். நான் உங்களைப் பார்த்துக் கத்தினேன். "அண்ணா, இன்னும் எவ்ளோ நேரம்? சீக்கிரம்!"

"இன்னா மேடம், ஃபேன் காத்துல குந்திக்கினு கூவுற? நீ வந்து காத்து புடி, நான் பில்லு போடறேன்" என்றீர்கள். டிரைவர்கூடச் சிரித்துவிட்டார்.

லாரி டயருக்கு இரும்புக் கூண்டுக்குள் வைத்துத்தான் காற்று பிடிக்க வேண்டும். டயரை இறுக்கியிருக்கும் ரிங் தெறித்தாலும் கூண்டு தடுத்துவிடும். நம் கடைக் கூண்டில் ஓனர் வீட்டுப் பழைய ஏசியும் உடைந்த நாற்காலிகளும் கிடந்தன. "காலி பண்ணிக் குடு சார்னு மூணு தபா கேட்டுட்டேன். ஏசியைப் பத்திரமா உள்ள வச்சிட்டு என்னிய வெளிய வச்சிக்கீறாரு" என்று சொல்வீர்கள்.

அன்று தரையிலேயே டயரைக் கிடத்தி, காற்று ஏற ஏற ரிங்கைச் சுத்தியலால் தட்டினீர்கள். நம் கடையில் எல்லோரும் அப்படித்தான். தட்டும் சத்தம் மாறினால் ரிங் சரியாக உட்கார்ந்துவிட்டது என்று அர்த்தம். அது மாறவே இல்லை. ரிங் எகிறி உங்கள் முகத்தில் அடித்தது. ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

பதினாறாம் நாள் உங்கள் வீட்டுக்கு வந்தேன். அண்ணி என் கையைப் பிடித்து ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "அவரு மேலதான் தப்பாம்மா? பசங்க கேக்குதுங்க."

நான் டீயைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். இன்னும் வெட்கமாக இருக்கிறது.

இன்று மதியம் ஓனர் ஒரு தாளை நீட்டினார். லேபர் ஆபீசில் கேட்டிருக்கிறார்களாம். 'ஊழியரின் கவனக்குறைவால் விபத்து' என்று டைப் செய்திருந்தது.

"சாட்சி கையெழுத்து போடும்மா. சும்மா ஃபார்மாலிட்டி."

அந்த வரியைப் பேனாவால் அடித்தேன். கூண்டு இருந்தது, அதற்குள் ஏசி இருந்தது, காலி செய்யச் சொல்லி நீங்கள் மூன்று முறை கேட்டீர்கள், சீக்கிரம் என்று கத்தியது நான். இவ்வளவையும் எழுதி என் பெயரைப் போட்டேன். போனில் படமும் எடுத்துவிட்டேன், நாளை அண்ணியிடம் காட்டுவேன். வேலை போனால் போகட்டும்.

தாளை அவர் பக்கம் திருப்பி வைத்தேன். "இதுக்குக் கீழ நீங்க போடுங்க சார்."

அவர் வாசலைப் பார்த்தார்.

"உங்களைத்தான் சார். போடுங்க."