விடுப்புப் பட்டியலில் நான் இல்லை

பெரியவளின் அம்மாவுக்கு,

நான் சுகம். உன் முழங்கால் வலி குறைந்ததா?

ஒரு சின்ன விஷயம், கவலைப்படாதே. கணினியில் விடுப்புப் பட்டியல் எடுக்கும் கட்டளை, குவெரி என்போம், நான்கு நிமிடம் ஓடுகிறது, சரிசெய்யுங்கள் என்று ஆபீஸில் சொன்னார்கள். ஊழியர் அட்டவணையைக் குடும்ப அட்டவணையோடு இணைக்கும் விதத்தை மாற்றினேன். இரண்டே நொடியில் முடிந்தது. நம்பிக்கை வராமல் மூன்று முறை ஓட்டிப் பார்த்தேன்.

மேலாளர் அம்மா எட்டிப் பார்த்து, "வேகமாத்தான் வருது சார். ஆனா லிஸ்ட்ல உங்களையே காணோமே!" என்றார்.

பட்டியலை எண்ணிப் பார்த்தேன். குடும்ப விவரம் எழுதாத முப்பத்தொரு பேரை என் இணைப்பு விழுங்கியிருந்தது. அவர்களில் நானும் ஒருவன். வேலையில் சேர்ந்தபோது உன் பிறந்த தேதி கேட்டார்கள். சான்றிதழில் இருப்பதா, அத்தை சொன்னதா என்று குழம்பி, கேட்டு எழுதலாமென விட்டது இரண்டு வருடமாகிவிட்டது.

பழைய இணைப்பையே வைத்துவிட்டேன். எல்லோரும் திரும்பினார்கள், நான்கு நிமிடமும் திரும்பியது. என் பெயருக்கு எதிரே காலியாக இருந்த குடும்பக் கட்டத்தில் மேலாளர் அம்மா விரலை வைத்தார். "யாரைப் பார்க்கப் போறீங்கன்னு ஒண்ணுமே இல்லையே சார்? எப்படி லீவு குடுக்கறது?"

உன் பிறந்த தேதி அந்த இரண்டில் எது என்று மாதக் கடைசிக்குள் எழுது. போனில் கேட்கக் கூச்சம். இத்தனை வருடம் எந்தத் தேதியில் உன்னை வாழ்த்தினேன் என்று யோசித்தேன். இரண்டிலும் இல்லை போலிருக்கிறது.

தபால் எடுக்க வந்துவிட்டார்கள்.

உன் வீட்டுக்காரன்