என் பெயர் மூன்று இடத்தில்

நான் சௌராஷ்டிர மொழியை இந்த வீட்டுக்குள் விடவில்லை என்று உங்கள் தங்கை சேத்துப்பட்டில் சொல்லிக்கொண்டிருக்கிறாளாம். அது தவறு. கல்யாணமான புதிதில் நீங்கள் உங்கள் தாய்மொழியில் பேசினீர்கள், நான் தமிழில் பதில் சொன்னேன், கொஞ்ச நாளில் நீங்களும் தமிழுக்கு வந்துவிட்டீர்கள். நான் தடுக்கவில்லை. கற்றுக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

அழைப்பிதழ் அடிக்கும் நம் கடையைக் காலி செய்யும் முன் நேற்று உங்கள் கம்ப்யூட்டரைத் திறந்தேன். அழைப்பிதழ்க் கோப்புகளுக்கு நடுவில் என் பெயரில் ஒரு கோப்பு இருந்தது. நீங்கள் உயிரோடு திரும்பாத அந்த வேலூர் ஆஸ்பத்திரிப் பயணத்துக்கு முந்தைய வாரம் அடித்திருக்கிறீர்கள். பதினோரு வரிகள். எழுத்து தமிழ், தமிழில் இல்லாத ஒலிகளைக் காட்ட எழுத்துகளின் தோளில் நீங்கள் வழக்கமாகப் போடும் சின்ன எண்கள், மொழி உங்களுடையது. ஒவ்வொரு பத்திக்கும் மொழி இன்னதென்று கம்ப்யூட்டருக்குக் கையால் குறித்துக் கொடுக்கிறவர், இதில் குறிக்கவில்லை. எழுத்தைப் பார்த்துத் தமிழ் என்று முடிவுகட்டிய கம்ப்யூட்டர், வரி முழுக்கப் பிழையென்று சிவப்புக் கோடு போட்டு வைத்திருக்கிறது. அவசரமா? உடம்பு முடியவில்லையா?

கடையில் நீங்கள் அடிப்பீர்கள், நான் பிழை பார்ப்பேன். பொருள் தெரியாவிட்டாலும் சௌராஷ்டிர அழைப்பிதழில் ஓர் எண் விடுபட்டால் பிடித்துவிடுவேன். கான்வென்ட்டில் டீச்சராக இருந்து பழகிய கண். பேத்தியின் கல்யாணப் பத்திரிகை வாங்க வந்த ஒரு பெரியம்மா, கண்ணாடியை மறந்துவிட்டேன் என்றார். முழுவதையும் தடங்கலில்லாமல் வாசித்துக் காட்டினேன். அவர் பூரித்துப்போய் அதே மொழியில் என்னிடம் ஏதோ கேட்டார். எனக்குப் புரியவில்லை என்று தெரிந்ததும் தமிழுக்கு மாறினார்.

"இன்னாமா, இம்மாம் அழகா படிச்சிட்டு, கேட்டா மட்டும் முழிச்சிகினு நிக்கிற?"

நீங்கள் திரையிலிருந்து தலையைத் திருப்பாமலே சொன்னீர்கள்: "எங்க கம்ப்யூட்டரும் இதே கேஸுதாம்மா. சட்டைய பாத்து ஆள சொல்லிகினு இருக்கும். இது வேற ஆளுன்னு ஒவ்வொரு தடவையும் நான்தான் சொல்லித் தரணும்."

"எனக்கு எப்பங்க சொல்லித் தந்தீங்க?"

"நீ எப்ப கேட்ட, டீச்சரம்மா?"

பெரியம்மா சிரித்தார். நான் இரண்டு நாள் கடைக்கு வரவில்லை. மூன்றாம் நாள் வந்தேன், தாள்களைத் திருத்தினேன். அதைப் பற்றி நாம் பிறகு பேசவே இல்லை.

இப்போது அந்தப் பதினோரு வரிகளையும் அதே போலத் தடங்கலில்லாமல் வாசிக்கிறேன். என் பெயர் மூன்று இடத்தில் வருகிறது. மூன்றாவதற்கு அடுத்த வரியில் ஒரு கேள்விக்குறி. என்ன கேட்டீர்கள்? கைபேசியில் மொழிபெயர்க்கக் கொடுத்தேன். கண்டறியப்பட்ட மொழி தமிழ் என்று காட்டிவிட்டு ஏதோ உளறியது. இத்தனை வருட மனக்குறையை, எனக்குப் புரிந்துவிடக் கூடாதென்று இந்த மொழியில் வைத்தீர்களா? அப்படியானால் கோப்புக்கு என் பெயர் எதற்கு? நல்லதாகத்தான் இருக்கும் என்று காபி கலக்கும்போது நினைக்கிறேன். குடித்து முடிப்பதற்குள் அந்த நினைப்பு போய்விடுகிறது.

உங்கள் ஆட்கள் இருக்கும் தறிக்காரர் தெருவில் யாரிடம் கொடுத்தாலும் படித்துச் சொல்வார்கள்; சாயங்காலத்துக்குள் ஊரே சொல்லும். மிச்சம் உங்கள் தங்கைதான். அவள் என்னை ஏசுவாள், ஆனால் உங்கள் சொல்லில் ஒன்றைக்கூட மாற்றமாட்டாள். போனில் கேட்கலாம். என் குரல் நடுங்குவது அவளுக்குக் கேட்க வேண்டாம்.

எனவே வரிகளைக் கையால் பிரதி எடுத்தேன், சின்ன எண்களை மூன்று முறை சரிபார்த்தேன். கடைசியில் இதைச் சேர்த்திருக்கிறேன். காலையில் தபாலில் போய்விடும், உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும்.

"இது உன் அண்ணன் எழுதியது. எனக்குப் பொருள் தெரியவில்லை. எனக்காக எதையும் மென்மையாக்காமல், வரிக்கு வரி தமிழில் எழுதித் தபாலில் பதில் அனுப்பு."