வலது காலைப் படம் எடுத்து அனுப்பு

திரேஸ்புரம், தூத்துக்குடி,
வெள்ளிக்கிழமை.

அன்பு மகன் பெவினுக்கு அப்பா எழுதுவது,

மாதாவின் தயவால் இங்கே நான், அம்மா, தங்கச்சி ஜெபகனி மூன்று பேரும் சுகம், நீயும் சுகம் என்று எழுதத்தான் கை வரவில்லை. போனில் உன் காலைப் பற்றிக் கேட்டால் சிக்னல் இல்லை என்று வைத்துவிடுகிறாய், நேற்றிலிருந்து எடுப்பதும் இல்லை, அதனால்தான் லீவு முடிந்து நாளை ஷார்ஜா திரும்புகிற உன் கூட முங்குகிற தேவமணி கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன், அவன் முன்னாலேயே பிரித்துப் படி.

ஐரோப்பாக்காரர்களின் அந்தக் காலத்து இரண்டு கை வாள்வீச்சைத் தனியாகப் பழகி நீ ஞாயிறுதோறும் தங்கச்சிக்கு வீடியோ படம் அனுப்பியபோது எந்தக் கோட்டையப் பிடிக்கப் போறான் ஒங்கண்ணன் என்று நான் கேலி செய்தேன். ஆனால் எட்டு மாதமாக அவள் மொட்டை மாடியில் கம்பை வைத்துக்கொண்டு அதையே செய்வதைப் பார்த்துப் பார்த்து எனக்கும் மனப்பாடம். இடது கால் முன்னால், கம்பு வலது தோளில், கை முதலில் கிளம்ப வேண்டும், அப்புறம்தான் பின்னால் இருக்கிற வலது கால் தாண்டி வந்து விழ வேண்டும், சாய்வாக ஒரு வெட்டு, உடனே இடது கால் தாண்டி மறுபக்கம் ஒரு வெட்டு, ஒரு குத்து, முனையை எதிராளி முகத்துக்கு நேரே நிறுத்தியபடி இரண்டு எட்டு பின்னால். போன மாதக் கடைசிப் படத்தில் உன் வலது கால் தூக்கி வரவில்லை ய்யா, பெருவிரல் தரையில் உரசிக்கொண்டு வந்து பாதம் பட்டென்று விழுந்தது. அண்ணன் கால இழுக்கான்ப்பா என்று ஜெபகனிதான் முதலில் சொன்னாள், அம்மா காதில் விழக் கூடாதே என்று செருப்பு தடுக்கியிருக்கும் என்றேன். அடுத்த வாரம் வெட்டு முடிந்த பிறகு கால் வந்து சேர்கிறது, பின்வாங்கும்போது குனிந்து காலையே பார்க்கிறாய். போன ஞாயிறு காலடிப் பயிற்சி என்று பேர் போட்டுவிட்டு இடுப்புக்கு மேலே மட்டும் காட்டுகிறாயே, யாரை ஏமாற்ற? ஏலே, நான் இருபது வருஷம் சங்கு குளித்தவன்.

தேவமணியைப் பிடித்து உலுக்கினேன், சொல்லிவிட்டான். கடலுக்கடியில் வேலை முடித்து அவசரமாக மேலே ஏறினாயாம், அன்று சாயங்காலமே கால் மரத்ததாம், ஆபீஸில் சொன்னால் முங்க விடமாட்டார்கள் என்று மறைத்தாயாம், தண்ணிக்குள்ள போனா வலி தெரியல என்று மறுபடி மறுபடி இறங்குகிறாயாம்.

அம்மாவுக்கும் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். நான் இழுத்து நடக்கிற இந்தக் கால் வள்ளத்துக்கும் படகுத்துறைப் பாலத்துக்கும் நடுவில் மாட்டி நசுங்கியது என்று உங்களிடம் சொன்னது பொய். மூச்சுக்காற்று வருகிற கம்ப்ரசர் குழாயைக் கடித்துக்கொண்டு அதிக நேரம் அடியில் கிடந்துவிட்டுச் சடாரென்று ஏறினேன், அப்படி ஏறினால் ரத்தத்தில் காற்று குமிழ் கட்டிவிடும், கால் வலித்து மரத்தது, உன்னைப் போலவே வாயை மூடிக்கொண்டு மறுநாள் இறங்கினேன். அடியில் வலி சுத்தமாகப் போய்விட்டது, குணமாகிவிட்டது என்ற சந்தோஷத்தில் இன்னும் நாலு சங்கு எடுத்தேன். மேலே வந்தபோது இடுப்புக்குக் கீழே எனக்கு எதுவுமே இல்லை, மூன்று பேர் தூக்கித்தான் வள்ளத்தில் போட்டார்கள். ஏறத் தெரியாமல் ஏறினான் என்று ஊர் சிரிக்குமே என்ற வெட்கத்தில் அவர்களிடம் சத்தியம் வாங்கினேன். உனக்கு விசா வந்த அன்றாவது சொல்லியிருக்க வேண்டும், பாவி நான் சொல்லவில்லை.

இதைப் படித்ததும் வெறுங்காலோடு அதே எட்டுகளைப் போடு, தேவமணி பின்னாலிருந்து கால்களை மட்டும் படம் எடுத்து எனக்கு அனுப்பட்டும். என் பதிலுக்குக் காத்திருக்காதே, அன்றைக்கே முங்குகிறவர்களுக்குக் காற்றழுத்த அறை வைத்திருக்கிற ஆஸ்பத்திரிக்குப் போ, நாள் ஆகிவிட்டதே என்று விட்டுவிடாதே. லீவு நாள் முடிந்து திங்கள்கிழமை கடலில் இறங்காதே ய்யா, பெற்றவன் உன் காலைப் பிடித்துக் கேட்கிறேன்.

அம்மா கருவாடும் மக்ரூனும் கொடுத்துவிடுகிறாள், அதைப் பற்றித்தான் நான் எழுதுகிறேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். மாதா உன்னைத் தன் கைக்குள் வைத்துக் காக்கட்டும். வேலை போனால் போகட்டும், நீ நடந்து வீட்டுக்கு வா.

உன் அப்பா,
ஜேசுபாதம்.