பின்சீட் இல்லாத கார்

ஜனவரி 18, 2006. புதன்.

பனி. எதிர்வீட்டு முருங்கை மரம் எட்டு மணிக்குத்தான் கண்ணுக்குத் தெரிந்தது. ஷிஃப்டுக்குக் கிளம்பும்முன் தார்ப்பாயை விலக்கிக் காரைப் பார்த்தேன். மறுபடி மூடினேன். எங்கும் போகவில்லை, சும்மா பார்க்கத்தான்.

பொங்கலுக்கு முன்னால் வந்தது. இன்னும் என்னுடையது என்று நம்ப முடியவில்லை. சிவப்பு. இரண்டே சீட்டு. கூரை துணிதான், கொக்கிகளைக் கழற்றிப் பின்னால் மடித்துவிட்டால் மேலே வானம். பெங்களூரில் ஒருவர் வெளிநாடு போகிறார் என்று விற்றார். என் மூன்று வருட ஓவர்டைம் அத்தனையும் இதில். கம்பெனியில் நாள் முழுக்க உதிரிபாகங்களை அளந்து, சரி, சரியில்லை என்று சொல்லும் வேலை. இந்தக் காரை மட்டும் அளக்காமல் வாங்கினேன்.

வீட்டில் ஆளுக்கொரு யோசனை.

அப்பா (திருநெல்வேலி. ஓசூருக்கு வந்து தலை நரைத்துவிட்டது, பேச்சு மட்டும் அங்கேயே நிற்கிறது): "ஏட்டி முத்து, இது காரா, சோப்பு டப்பாவா? மேல ஒரு தகரத்தையாவது அடிச்சு விடு."

அம்மா: "பின்னாடி ஒரு சீட்டு போட முடியாதா கண்ணு?"

சிரித்துவிட்டேன். பின்னால் டிக்கிதான் இருக்கிறது என்றேன். "அப்ப நான் எங்க உட்கார்றது?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் இட்லிப் பானையைத் திறக்கப் போய்விட்டாள்.

டூத்பேஸ்ட் தீர்ந்துவிட்டது. சனிக்கிழமை மெக்கானிக் மஞ்சுவிடம் காரைக் காட்ட வேண்டும்.


ஜனவரி 21, சனி.

நல்ல வெயில், நிழலில் குளிர். பாகலூர் ரோட்டில் மஞ்சுவின் கராஜ். காதில் கடுக்கன் போட்ட கன்னடக்காரர், என்னைவிட இரண்டு மூன்று வயது பெரியவராக இருக்கலாம். காரைச் சுற்றி வந்தார். குனிந்தார். மண்ணில் படுத்தே பார்த்துவிட்டார்.

"இதை இப்படியே ஓட்டறது பாவம் மேடம்."

என்ன செய்யலாம் என்று கேட்டதுதான் தாமதம். அகல டயர். குட்டை ஸ்பிரிங். ஊரே திரும்பிப் பார்க்க ஒரு சைலன்சர். பின்னால் இறக்கை. கதவில் தீ எரிகிற மாதிரி ஸ்டிக்கர்.

சத்தம் வேண்டாம், காலை ஷிஃப்டுக்குப் போகும்போது தெருவே திட்டும். இறக்கை வேண்டாம். தீ வேண்டவே வேண்டாம். ஆனால் தாழ்வாக, தரையோடு ஒட்டிப் போகிற கார்? அதைக் கேட்டதும் ஆசை வந்துவிட்டது. மறைத்து என்ன பயன், இந்த நோட்டை யார் படிக்கப் போகிறார்கள்.

சின்ன வயதில் அப்பாவின் ஸ்கூட்டரில் முன்னால் நின்றுகொண்டு போவேன். ஹேண்டில்பாருக்குக் கீழே குனிந்தால் ரோடு அப்படியே ஓடிவந்து காலுக்கடியில் போகும். தூக்கம் மாதிரி ஒன்று வரும், ஆனால் தூக்கம் இல்லை. அது மறுபடி வேண்டும். நாற்பதில் போனாலும் பறக்கிற மாதிரி இருக்க வேண்டும்.

அந்த ஸ்கூட்டரில் அம்மா எங்கே என்று இப்போதுதான் தோன்றுகிறது. அப்பாவுக்கு ஸ்கூட்டரில் இரண்டு பேரை வைத்து ஓட்ட வராது, நான் போக ஒரு கட்டைப்பையும் தொங்கும். ஆகவே கல்யாணமோ கோயிலோ, அம்மா பஸ்ஸில். அப்பா ஸ்கூட்டரை உதைப்பதற்கு முன்னால் தவறாமல் கேட்பார்: "சில்லறை வச்சிருக்கியா?" அம்மா முந்தானை முடிச்சைத் தொட்டுக் காட்டுவாள். நாங்கள் கிளம்பிவிடுவோம்.


ஜனவரி 22, ஞாயிறு.

கிருஷ்ணகிரி பெரியம்மா போன். புது வீடு முடிந்துவிட்டது, பிப்ரவரி ஐந்து கிரகப்பிரவேசம். அம்மாவின் ஒரே அக்கா. அம்மா போனைக் காதிலிருந்து எடுக்கவேயில்லை, அடுப்பில் பால் பொங்கி வழிந்தது.

அப்பா அந்த நிமிடமே திட்டம் போட்டுவிட்டார். "நானும் முத்துவும் கார்ல போயிருதோம். அவ சீர்த் தட்டெல்லாம் எடுத்துக்கிட்டு பஸ்ல வந்துருவா." தகரம் அடிக்கச் சொன்ன மனுஷன்.

அம்மா உடனே, "ஆமா, பஸ்ஸுதான் எனக்கு சௌகரியம்."

எனக்கு உள்ளே முடிவாகிவிட்டது. அந்த இன்னொரு சீட்டு அம்மாவுக்கு.

வேன் பிடித்துப் போனால் அம்மா கடைசி வரிசை, மடியில் எல்லார் பையும். சொந்தக்காரர் காரில் போனால் பின்சீட்டு, நடுவில், காலைக் குறுக்கிக்கொண்டு. முன்சீட்டில் அம்மா உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. பின்சீட்டு போடச் சொன்னது ஏன் என்று இப்போது புரிகிறது. அவளுக்கென்று தெரிந்த இடம் அது ஒன்றுதான்.

மத்தியானம் முழுக்க ஒரே யோசனை. சூளகிரி தாண்டி ரோடு இறங்குகிற இடம், கூரை திறந்திருக்கிறது, இரண்டு பக்கமும் பாறைக்குன்று, அம்மா பக்கத்தில். அவள் என்ன பேசுவாள்? அதுமட்டும் கற்பனையில் வரவில்லை. துணி காயப்போட மறந்தேன், திட்டு.


ஜனவரி 24, செவ்வாய்.

அரை நாள் லீவு. குட்டை ஸ்பிரிங் போட்டாயிற்று. பழையதைத் தூக்கிப் போடாமல் சாக்கில் கட்டி வாங்கிவந்தேன். தொழில் புத்தி.

என்ன அழகு. கார் குறுகிப் பதுங்கி உட்கார்ந்திருந்தது. பாகலூர் ரோட்டிலிருந்து வீடு வரை ஸ்கூட்டரில் முன்னால் நின்ற அந்தப் பிள்ளையாகவே வந்தேன். ஒவ்வொரு வேகத்தடையிலும் அடி தட்டியது, அதுகூடக் காதில் விழவில்லை.

அப்பா மூன்று தடவை சுற்றி வந்தார். "இப்பதாம்ட்டி கார் மாதிரி இருக்கு." பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார். தானே வாங்கியது போல.

சாயந்திரம் அப்பா கடைக்குப் போன நேரம் அம்மாவை இழுத்துவந்து கதவைத் திறந்தேன். ஒரு தடவை உட்கார்ந்து பாரேன். புடவையை ஒதுக்கினாள், கதவைப் பிடித்தாள், ஒரு காலை உள்ளே வைத்தாள். பாதி இறங்கியதும் முட்டி பிடித்துக்கொண்டது. கீழே போகவும் முடியவில்லை, மேலே எழவும் முடியவில்லை. நான் தூக்கி நிறுத்தினேன்.

சிரித்தாள். "இது உங்க வயசுக்காரங்க வண்டி கண்ணு. நீ அப்பாவையே கூட்டினு போ."

சிரிப்புக்கு முன்னால் ஒரு கணம் அவள் முகம் இருந்த இருப்பை நான் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. எனக்குப் பறக்கிற மாதிரி இருக்க வேண்டும் என்று அவள் காலுக்கு எட்டாத பள்ளத்தில் சீட்டைக் கொண்டுபோய் வைத்திருக்கிறேன்.

கதவில் அவளுடைய மாவுக் கைத்தடம். துடைக்கவில்லை.


ஜனவரி 26, வியாழன். குடியரசு தினம்.

லீவு.

மனசு சரியில்லாததால் கெலமங்கலம் பக்கம் ஒரு சுற்று. கூரை திறந்து, தனியாக. கம்பெனி பஸ்ஸில் நேற்று யாரோ சானமாவு காட்டுப் பக்கம் யானை இறங்கியிருக்கிறது என்று சொன்னதால் அந்தப் பக்கம் போகவில்லை. யானைக்குப் பயந்து கொள்ளில் மாட்டினேன்.

கொள்ளு அறுவடை நேரம். ஊருக்கு ஊர் செடியைப் பிடுங்கித் தார் ரோட்டில் பரப்பியிருக்கிறார்கள். லாரியும் பஸ்ஸும் ஏறிப்போனால் காய் உடைந்து கொள்ளு உதிரும், அடிக்கிற வேலை மிச்சம். வருஷா வருஷம் பார்ப்பதுதான். நானும் ஏறினேன். மெத்தையில் போகிற மாதிரி இருந்தது, சரசரவென்று. இன்னொரு பரப்பல். அதற்கப்புறம் இன்னொன்று. கண் பாதி செருகிவிட்டது.

கொள்ளு வறுக்கிற வாசனை வந்தது. அம்மா ரசத்துக்கு வறுப்பாளே, அதே வாசனை. நன்றாக மூச்சை இழுத்துக்கொண்டு, இந்த ஊரில் யார் வீட்டிலோ இன்றைக்குக் கொள்ளு ரசம் என்று நினைத்தேன். நிஜமாகவே அப்படித்தான் நினைத்தேன். அம்மாவை நினைத்துக்கொண்டே இன்னும் கொஞ்ச தூரம் ஓட்டினேன்.

ரோட்டோரத்தில் முறத்தோடு நின்ற அம்மாள் ஒருத்தி இரண்டு கையையும் நீட்டிக் குறுக்கே வந்துவிட்டாள்.

"நிறுத்து நிறுத்து. அடியில பொகையுது பாரு."

இறங்கிக் குனிந்தால் வண்டியின் அடிவயிறு முழுக்கச் செடி. சக்கர அச்சைச் சுற்றிக் கயிறாக முறுக்கி, சைலன்சர் குழாயோடு ஒட்டிக் கருகிக்கொண்டிருந்தது. ஓரத்தில் சிவப்பாக ஒரு கீற்று. பெட்ரோல் டேங்க் எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்பது எனக்குத் தெரியும்.

அந்த அம்மாள் குடிக்க வைத்திருந்த குடத்துத் தண்ணீரை அப்படியே அடியில் வீசினாள். உஸ் என்று ஆவி. இன்னும் இரண்டு பெண்கள் வந்தார்கள், குச்சியால் குத்தி இழுத்தார்கள். தங்களுக்குள் தெலுங்கு, என்னிடம் தமிழ்.

"லாரி போவுது, பஸ்ஸு போவுது, மாட்டு வண்டி கூட போவுது. உன் வண்டிதான் தரையில வயித்த தேய்ச்சிகினு போவுது. யாரு இதை இப்டி பண்ணது?"

நான்தான் என்றேன்.

"துட்டு குடுத்தா?"

ஆமாம் என்றேன். மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்புறம் இழுத்துப் போட்ட செடியை உதறி, கருகாத கொள்ளைப் பொறுக்கி முறத்தில் போட்டார்கள். அது அவர்களுடையதுதானே. அவர்கள் குடத்தை நான் பக்கத்துக் குழாயில் நிரப்பிக்கொண்டுவந்து வைத்தேன். குழாய் வரை போவதற்குள் இரண்டு தடவை அழுகை வந்தது.

வீட்டில் சொல்லவில்லை. அம்மா மட்டும் பக்கத்தில் வந்து முகர்ந்து பார்த்தாள். "உன் மேல என்ன கொள்ளு வாசனை?"


ஜனவரி 28, சனி.

காலையிலேயே கராஜ். சாக்கை அவிழ்த்துப் பழைய ஸ்பிரிங்கை மஞ்சு முன்னால் வைத்தேன். நடந்ததைச் சொன்னேன். அவர் முகம் வெளுத்தது. "கொள்ளு சீசன்னு எனக்குத் தோணவேயில்லை மேடம். தப்பு என்னுது." இரண்டு பேருக்கும் சரிபாதி என்றேன்.

கார் பழைய உயரத்துக்கு வந்தது. ஆனால் பழைய உயரமும் அம்மாவுக்குப் போதாது. நேற்றே அடுக்களையில் யாருக்கும் தெரியாமல் ஒரு வேலை செய்தேன். அம்மா காய் நறுக்க உட்காருகிற மர ஸ்டூல், அதில் முட்டி பிடிக்காமல் எழுந்திருக்கிறாள். அதை அளந்தேன். ஆபீஸ் டேப்பில், இரண்டு தடவை.

இடப்பக்க சீட்டுக்கு அடியில் தகடு வைத்து உயர்த்தச் சொன்னேன். ஸ்டூல் அளவு வரவில்லை, பாதி தூரம் வந்தது. மீதிக்குப் பிடிமானம் வேண்டும். பழைய இரும்புக் கடையில் ஒரு கைப்பிடி கிடைத்தது. டவுன் பஸ்ஸில் ஏறுகிற படிப் பக்கம் இருக்குமே, அதேதான். தேய்ந்து வழவழவென்று. அதை முன்கண்ணாடிச் சட்டத்தின் ஓரமாக வைத்து முடுக்கச் சொன்னேன்.

மஞ்சு ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டார். "ஸ்போர்ட்ஸ் கார்ல பஸ் கைப்பிடியா? பேடா மேடம், வேண்டாம். யாராவது கேட்டா என் கராஜ் பேரைச் சொல்லாதீங்க."

ஆனால் முடித்ததும் அவரே அதைப் பிடித்து ஏறி இறங்கிப் பார்த்தார். ஆடவில்லை. கறுப்புப் பெயின்ட் அடித்துத் தருகிறேன் என்றார். வேண்டாம், அம்மாவுக்குப் பழகிய நிறமே இருக்கட்டும்.

அப்பா பார்த்துவிட்டு: "என்னட்டி, கண்டக்டர் எப்ப வாராரு?"


பிப்ரவரி 3, வெள்ளி.

அவரைக்காய் சீசன் முடியப்போகிறது, வீடெல்லாம் அதன் வாசனை. ஷிஃப்ட் முடிந்து வந்தால் அம்மாவைக் காணோம். அடுக்களையில் இல்லை, மாடியில் இல்லை.

காரில் இருந்தாள். தார்ப்பாயைப் பாதி விலக்கி, கதவைச் சாத்திக்கொண்டு, மடியில் கிண்ணம் வைத்து ஊறிய அவரைக்கொட்டையைப் பிதுக்கிக்கொண்டு. தோல் ஒரு பக்கம், பருப்பு ஒரு பக்கம். எப்படி ஏறினாய் என்று கேட்கவில்லை. கைப்பிடியில் அவரைத் தோல் ஒன்று ஒட்டியிருந்தது.

நான் டிரைவர் சீட்டில் உட்கார்ந்தேன். அவளோடு சேர்ந்து கொஞ்சம் பிதுக்கினேன். எங்கும் போகாத காரில் இரண்டு பேர். வெயில் இறங்குகிற வரைக்கும் அப்படியே. இந்த ஒரு மாதத்தில் நான் ஓட்டியதிலேயே நல்ல ஓட்டம் இதுதான்.

ஞாயிற்றுக்கிழமை என்னோடு வா என்றேன்.

"அப்பா ஆசையா இருக்காரு கண்ணு."

நீ?

பருப்பை எண்ணுகிற மாதிரி கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இருட்டுது. உள்ள போலாம்."


பிப்ரவரி 5, ஞாயிறு. கிருஷ்ணகிரி.

பெரியம்மா வீட்டுப் புது மாடி. ஈரச் சுண்ணாம்பு வாசனை. கீழே பந்தி. அம்மாவின் தலை கலைந்து, கனகாம்பரத்தில் பாதி வழியிலேயே போய்விட்டது. என்னடி இது கோலம் என்று கேட்கிற எல்லாரிடமும் "காத்து" என்று ஒற்றை வார்த்தை சொல்லிக்கொண்டிருக்கிறாள். சூளகிரி இறக்கத்தில் அவள் என்ன பேசினாள் என்றால், ஒன்றும் பேசவில்லை. வாயை லேசாகத் திறந்து வைத்திருந்தாள், அவ்வளவுதான்.

அப்பா பந்தி நேரத்துக்குத்தான் வந்து சேர்ந்தார். எங்கள் இரண்டு பேரோடும் பேச்சில்லை. பந்தியில் இரண்டாவது தடவை பாயசம் வாங்கினார், ஆகவே கவலைப்பட ஒன்றுமில்லை.

காலையில் நடந்ததை எழுதிவிட வேண்டும். ஆறரை மணி, பனி. கூரையை மடித்துவிட்டு நான் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அப்பா வெள்ளை வேட்டி, மடிப்புக் கலையாத சட்டை, சந்தனம் எல்லாமாக வெளியே வந்தார். இடப்பக்கம் போனார். நின்றார்.

அம்மா ஏற்கெனவே உள்ளே இருந்தாள். பட்டுப்புடவை, மடியில் சீர்த் தட்டு, ஒரு கை பஸ் கைப்பிடியில்.

"ஏளா, எறங்கு. நேரமாச்சுல்லா."

அம்மா இறங்கவில்லை. அவரைப் பார்க்கவும் இல்லை, நேராக ரோட்டைப் பார்த்தாள். கைப்பிடியை விடவில்லை.

"நீங்க பஸ்ல வந்துடுங்க. சில்லறை வச்சிருக்கீங்களா?"