ஃபியூஸ் இருந்த இடத்தில் பல்பு

அக்டோபர் 27, திங்கள்

காலையிலிருந்து தூறல். அரிமளம் தாண்டியதும் குட்டியானை வண்டி நின்றுவிட்டது. இந்த மாதத்தில் மூன்றாவது தடவை. பின்னால் முழு லோடு காய்கறி. ஃபியூஸ் பெட்டியைத் திறந்தால் நீல ஃபியூஸ் கருகிக் கிடக்கிறது. புதிது போட்டேன். இரண்டு கிலோமீட்டர் தாண்டவில்லை, அதுவும் போனது.

ரோட்டோர மெக்கானிக் ஒருவர் வந்து பார்த்தார். பதினைந்து தாங்காது, முப்பது ஆம்பியர் போட்டால் நிற்கும் என்று பச்சை ஃபியூஸைச் செருகிவிட்டுப் போனார். தக்காளி பாதி நசுங்கல். உப்பு, தீப்பெட்டி வாங்க மறந்தேன்.

அக்டோபர் 28, செவ்வாய்

என் வீட்டுக்காரருக்கு போன் போட்டேன். ஆறு வருடமாக வளைகுடாவில் வண்டி வயரிங் வேலை. நடுவில் ஒரே தடவை ஊருக்கு வந்தார். பச்சை ஃபியூஸ் என்றதும் பதறிவிட்டார்.

"மொதல்ல அதைப் புடுங்கு மலரு. அது போகலைன்னா வயர் எரியும். ஒன்னையும் சேத்து எரிச்சுரும்."

பிடுங்கினேன். அடுத்தது ரிலே, கரண்டைத் திறந்து மூடும் சின்ன டப்பா. ஹாரன் ரிலேயும் இதுவும் ஒரே அளவுதான், மாற்றிச் செருகிப் பார் என்றார். மாற்றினேன். டிக் சத்தம் நன்றாகவே கேட்டது. ஃபியூஸ் மறுபடி போனது. ஆக, ரிலே மேல் தப்பில்லை.

வீடியோவில் வயரைக் காட்டினேன். என்ன கலர் என்று கேட்டார். சிவப்பில் மஞ்சள் கோடு. பக்கத்தில் இருப்பது? அதற்கும் கலர் கேட்டார். கண்ணுக்கு நேராகத்தான் பிடித்திருந்தேன். நெட் சரியில்லை போல.

பட்டப்பகல். ஒர்க்‌ஷாப் சத்தமே கேட்கவில்லை. கேட்டதற்கு லீவு என்றார். அங்கே வெள்ளிக்கிழமைதானே லீவு?

அக்டோபர் 29, புதன்

மழை. வியாபாரம் இல்லை. கத்தரிக்காயைப் பக்கத்து வீட்டில் கொடுத்தேன். முழங்கால் வலி. அவர் போன் எடுக்கவில்லை. மத்தியானம் சோற்றைப் போட்டு வைத்துக்கொண்டு அழுதேன். ஃபியூஸ் போனதற்கு யாராவது அழுவார்களா?

அக்டோபர் 30, வியாழன்

நல்ல வெயில். அவரே கூப்பிட்டார். ஃபியூஸைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் ஒரு பல்பை மாட்டச் சொன்னார். பல்பு பளிச்சென்று எரிந்தால் எங்கோ வயர் இரும்பைத் தொடுகிறது. வயர்க் கட்டை ஆட்டிக்கொண்டே போனால், எந்த இடத்தில் பல்பு மங்குகிறதோ அங்கேதான் புண்.

மாட்டினேன். பளிச்சென்று எரிந்தது. அதன் முன்னால் போனைச் சாய்த்து வைத்தேன். நான் அடியில் படுத்து வயரை ஆட்ட, அவர் பல்பைப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

சாக்கை விரித்துப் படுத்தேன். முன்பக்கம் ஆட்டினேன். மங்குதா என்றேன். இல்லை என்றார். நடுவில் ஆட்டினேன். அதற்கும் இல்லை. பின் சக்கரத்துக்குக் கிட்டே வயர் இரும்பு விளிம்பில் உரசிக் கிடந்தது. விலக்கிப் பிடித்தேன்.

"இப்ப மங்குதாங்க?"

திரும்பக் கேட்டேன்.

"நீயே வந்து பாரு மலரு. எனக்குத் தெரியலை."

வயரை ஒரு கயிற்றால் இழுத்துக் கட்டிவிட்டு வெளியே வந்தேன். பல்பு மங்கித்தான் இருந்தது. போனுக்கு ஒரு சாண் தூரத்தில்.

அப்புறம் சொன்னார். சர்க்கரை. முதலில் வலது கண், பிறகு இடது. வயர் கலர் தெரியவில்லை என்று நாலு மாதம் முன்பே வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். அன்றிலிருந்து அறையில்தான் இருக்கிறார். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொன்னா வரச் சொல்லுவே. வந்து என்ன பண்ண?"

"வண்டிய நான் ஓட்டுறேன். நீங்க கெளம்பி வாங்க."

வைத்துவிட்டார்.

சாவியை எடுத்துவிட்டு வயரைப் பார்த்தேன். உறை தேய்ந்து செம்பு தெரிந்தது. டேப் சுற்றினேன். இரண்டு தடவை டேப் கையிலேயே ஒட்டிக்கொண்டது.

அக்டோபர் 31, வெள்ளி

வல்லத்திராக்கோட்டை வரை போனேன். எங்கேயும் நிற்கவில்லை. நீல ஃபியூஸ் அப்படியே இருக்கிறது. சந்தோஷம் துளியும் இல்லை. கண் ஆஸ்பத்திரி பற்றி யாரிடம் விசாரிப்பது? இவ்வளவு நாள் கழித்துப் பார்த்தால் பலன் இருக்குமா?

காலையிலிருந்து ஆறு தடவை கூப்பிட்டேன். ஏழாவது தடவை எடுத்தார். மூச்சு விடும் சத்தம் மட்டும். வைக்க மனசில்லை. போனைக் காதில் வைத்தபடி வண்டியிலேயே உட்கார்ந்திருந்தேன்.

வெண்டைக்காய் இருக்காக்கா என்று கேட்டு ஒரு பெண் கூடையோடு வந்தாள். இருக்கு, பிஞ்சாப் பாத்து எடுத்துக்கம்மா என்றேன். அவருக்கும் கேட்டிருக்கும்.